உரிமையாளரை மறந்த பூட்டு: எஞ்சின் முடக்கியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் 1994 முதல் உருவான இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் ஊர்தியைப் பல ஆண்டுகள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகியது. வண்டி சில வாரங்கள் ஓடாமல் நின்றிருக்கும். பேட்டரி இறங்கிப் போயிருக்கும். புதிய பேட்டரியைப் பொருத்திச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்து ஓசையே எழாது. கருவிப் பலகையின் சிறு திரையில் ‘எஞ்சின் டிஸேபிள்டு’ என்ற இரு சொற்கள் மட்டும் தோன்றும். சாவி அசலானது, பதிவுச் சான்றில் உரிமையாளரின் பெயர் இருக்கிறது, காப்பீட்டுத் தவணையும் நிலுவையின்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த வண்டியின் கண்ணில் அவர் ஒரு திருடர்.

ஒரு பொருள் யாருடையது என்பதைச் சமூகம் எவ்வாறு உறுதிசெய்கிறது என்பது சொத்துரிமை வரலாற்றின் பழைய வினா. பட்டயம், எல்லைக்கல், முத்திரை, சாட்சி, பதிவேடு என்று காலந்தோறும் விடைகள் மாறி வந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த உறுதிசெய்யும் வேலையின் ஒரு பகுதி பொருளின் உள்ளேயே குடியேறியது. இம்மொபிலைசர் எனப்படும் எஞ்சின் முடக்கியின் வரலாறு அந்தக் குடியேற்றத்தின் வரலாறு. இன்று பழைய ரேஞ்ச் ரோவர் ஒன்றின் முடக்கியை மீண்டும் ஒத்திசையச் செய்ய முயலும் மெக்கானிக், தான் அறியாமலேயே, முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு சமூக ஒப்பந்தத்தின் விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் பின்னணி. மோட்டார் ஊர்தியின் பூட்டு நெடுங்காலம் வெறும் உலோகத்தை நம்பியிருந்தது. சாவியின் பற்கள் பூட்டின் உட்புறத்தோடு பொருந்தினால் மின்சுற்று இணையும், அவ்வளவே. சுற்றை இணைக்கும் கம்பிகளை அறிந்தவருக்குச் சாவி தேவையில்லை. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி ஸ்டியரிங் பூட்டைப் புதிய, பழைய வண்டிகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது. அங்கே கார்த் திருட்டு தெளிவாகக் குறைந்தது. பிரிட்டன் 1971இல் புதிய வண்டிகளுக்கு மட்டும் அதைக் கொண்டுவந்தது. திருடர்கள் பூட்டில்லாத பழைய வண்டிகளை நாடினர். குற்றவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் எடுத்துக்காட்டு இது. ஒரு பூட்டின் பயன் அதன் உறுதியை மட்டும் பொறுத்ததன்று, அது எத்தனை வண்டிகளில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

சாவிக்குள் மின்னணு அடையாளத்தை வைக்கும் முயற்சிகளில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த தொடக்ககால முறை அமெரிக்காவில் தோன்றியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு கார்வெட் வண்டியின் சாவித் தண்டில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. தடையின் அளவு பொருந்தாவிட்டால் எஞ்சின் இயங்காது. தடை அளவுகள் மொத்தம் 15 மட்டுமே. பதினைந்தையும் பொறுமையாகச் சோதித்துப் பார்க்கும் திருடருக்கு இது வேலிதானே தவிர மதில் அன்று. ஆனால் கருத்து பிறந்துவிட்டது: பூட்டைத் திறப்பதும் எஞ்சினை இயக்குவதும் வேறு வேறு அனுமதிகள்.

பிரிட்டனில் அந்தக் கருத்துக்கு அவசரம் ஊட்டியவை எண்கள். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் ஊர்தித் திருட்டுகளைக் காவல்துறை பதிவுசெய்தது. உள்துறை அமைச்சகம் 1992இல் எந்த மாதிரி வண்டி எவ்வளவு திருடப்படுகிறது என்ற பட்டியலை வெளியிட்டது. தயாரிப்பாளர்களுக்கு அது பெருஞ்சங்கடமாயிற்று. காப்பீட்டு நிறுவனங்கள் தாட்சம் ஆய்வு மையத்தின் வழியாகப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தர வகைகளை வகுத்து, தவணைத் தொகையை அவற்றோடு இணைத்தன. பெர்லின் சுவர் வீழ்ந்தபின் கிழக்கு நோக்கிக் கடத்தப்பட்ட கார்களால் ஜெர்மானியக் காப்பீட்டாளர்களும் இதே நெருக்கடியில் இருந்தனர். 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் 95/56 என்ற ஆணையைப் பிறப்பித்தது. 1998 அக்டோபர் முதல் ஒன்றியத்தில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய பயணியர் காரிலும் மின்னணு முடக்கி கட்டாயமாயிற்று.

ஆக, முடக்கியைக் கேட்டவர் வண்டியை வாங்கியவர் அல்லர். காப்பீட்டாளரும் அரசும் கேட்டனர், தயாரிப்பாளர் செய்தார், வாங்கியவருக்கு அது வண்டியோடு சேர்ந்து வந்தது. பின்னால் எழுந்த சிக்கல்களைப் புரிந்துகொள்ள இந்த வரிசை முதன்மையானது.

இந்த இடைக்காலத்தில், ஆணை வருவதற்குச் சற்று முன்பாக, 1994 செப்டம்பரில் இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் அறிமுகமானது. அது உருவான கட்டடத்தின் எண்ணைக் கொண்டு பி38ஏ என்று அழைக்கப்படுகிறது. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர், உட்புறத்தைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடிய பண்ணை வண்டியாகத் தொடங்கியது. அதன் வழித்தோன்றலோ ஓடும் கணினி வலையமாக இருந்தது. முன் இருக்கையின் கீழே பெக்கெம் எனச் சுருக்கப்பெயர் கொண்ட உடல்மின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. கதவுப் பூட்டுகள், கண்ணாடிகள், விளக்குகள், துடைப்பான்கள், திரையில் தோன்றும் செய்திகள் என அனைத்துக்கும் அதுவே தலைமை. எஞ்சினை ஆண்டது வேறொரு பெட்டி. பெட்ரோல் வி8 வண்டிகளில் 1999 வரை லூக்காஸ், சாஜெம் கூட்டில் உருவான ஜெம்ஸ் என்ற எஞ்சின் கணினி அந்தப் பொறுப்பை வகித்தது.

இவ்விரு பெட்டிகளுக்கும் இடையே ஒரு கம்பி. சாவியை நம்பினால் உடல்மின் பெட்டி அந்தக் கம்பி வழியே ஒரு குறியீட்டை அனுப்பும். எஞ்சின் கணினி தன் நினைவில் உள்ள குறியீட்டோடு அதை ஒப்பிடும். பொருந்தினால் எரிபொருளும் தீப்பொறியும் கிடைக்கும்; பொருந்தாவிட்டால் இரண்டும் இல்லை. ஒரு வண்டியின் அடையாளம் அதன் சட்டத்திலோ எஞ்சினிலோ பொறித்த எண்ணில் மட்டும் இல்லாமல், இரு பெட்டிகள் தமக்குள் ஒப்புக்கொண்ட ஓர் இரகசியத்திலும் தங்கிவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் உரிமையாளர் ஒரு தரப்பாக இல்லை.

சாவிக்கும் வண்டிக்கும் இடையிலான உறவு இன்னும் நுட்பமானது. தொலைசாவி ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பினால், அருகில் ஒளிந்திருப்பவர் அதைப் பதிவுசெய்து பின்னர் ஒலிபரப்பிவிடலாம். எனவே ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மாறும் ‘உருளும் குறியீடு’ வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவாகி, பின்னர் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு மாறிய கீலாக் முறை இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு. அதில் சாவிக்குள் ஓர் எண்ணி உண்டு. அழுத்துந்தோறும் அது ஒன்று கூடும். அந்த எண் மறையீடு செய்யப்பட்டு அனுப்பப்படும். வண்டியின் பெட்டி தான் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கும். புதிய எண் அதற்கு அடுத்த 16க்குள் இருந்தால் உடனே ஏற்கும். அதைத் தாண்டி, 32,768க்குள் இருந்தால், அடுத்தடுத்த இரு எண்களைக் கேட்ட பிறகே ஏற்கும். பழைய எண் வந்தால் ஒருபோதும் ஏற்காது.

பையில் கிடக்கும் சாவியைக் குழந்தை சில முறை அழுத்திவிட்டால் வண்டி சாவியை மறந்துவிடக் கூடாது. அதே வேளையில் பழைய எண்ணைப் பதிவுசெய்து வைத்திருப்பவரை அது நம்பவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே கணிதம் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்தது. ‘ஒத்திசைவை மீட்டல்’ என்று பட்டறைகளில் சொல்லப்படும் செயல் இந்தச் சாளரத்தைக் குறித்ததே. சாவியும் பெட்டியும் எண்ணும் வரிசை பிசகிப் போனால், இருவரையும் ஓரிடத்தில் நிறுத்தி மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணவைப்பது போன்றது அது.

பி38ஏ வண்டியில் இந்தப் பிசகு ஏற்பட முதன்மைக் காரணம் திருடர் அல்லர், பேட்டரி. தொலைசாவியின் சமிக்ஞையைக் கேட்கும் ஏற்பி பிரிட்டனில் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. அதே வரிசையில் மற்றக் கார்களின் தொலைசாவிகள், கொட்டகைக் கதவுகள், வீட்டு வானிலைக் கருவிகள் எனப் பலவும் பேசின. யாரோ யாருக்கோ அனுப்பிய சமிக்ஞை ஒவ்வொன்றும் உறங்கிக்கொண்டிருந்த உடல்மின் பெட்டியைத் தட்டி எழுப்பியது. எழுந்த பெட்டி மின்சாரம் குடித்தது. சில நாட்களில் பேட்டரி வறண்டது. மின்சாரம் போனபின் பெட்டியின் நம்பிக்கையும் போயிற்று. நிறுவனம் பின்னர் திருத்திய ஏற்பிகளை வெளியிட்டது. பல உரிமையாளர்கள் ஏற்பியின் இணைப்பையே கழற்றிவைத்தனர். திருடரைத் தடுக்க வைத்த செவி, ஊரின் இரைச்சலால் வீட்டுக்காரரை வெளியே நிறுத்தியது.

இதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்த வடிவமைப்பாளர்கள் ஒரு மாற்று வழியையும் வைத்திருந்தனர். தொலைசாவி செயலிழந்தால், நான்கு எண்கள் கொண்ட அவசரச் சாவிக் குறியீட்டை ஓட்டுநர் கதவின் பூட்டிலேயே உள்ளிடலாம். சாவியை ஒரு பக்கம் முதல் எண்ணின் அளவுக்கும், மறுபக்கம் இரண்டாம் எண்ணின் அளவுக்கும் எனப் பக்கம் மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். சில முறை தவறினால் பெட்டி சற்று நேரம் எதையும் ஏற்காமல் அடைத்துக்கொள்ளும். பழைய இரும்புப் பெட்டகத்தின் எண்பூட்டைத் திறப்பது போன்ற இந்தச் செயலில், இலத்திரனியல் யுகத்தின் வண்டி தன் முன்னோரிடம் உதவி கேட்பது தெரிகிறது.

இங்கேதான் நோயறிதலின் நுட்பம் தொடங்குகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் மௌனத்தின் வகையைப் பிரித்தறிவார். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலவே இல்லை, திரையில் முடக்கச் செய்தி இருக்கிறது என்றால், உடல்மின் பெட்டி சாவியை நம்பவில்லை என்று பொருள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் எஞ்சின் தீப்பற்றவில்லை என்றால், முதல் பெட்டி சாவியை நம்பிவிட்டது. இரண்டாம் பெட்டி முதல் பெட்டியை நம்பவில்லை என்று ஐயுற இடமுண்டு. முதலாவது சாவிக்கும் வண்டிக்கும் இடையிலான பிணக்கு; இரண்டாவது வண்டிக்குள்ளேயே நிகழும் பிணக்கு. பழுதான எஞ்சின் கணினியைக் கழற்றி, உடைத்து விற்கப்பட்ட வேறொரு வண்டியின் கணினியைப் பொருத்தியவர்களுக்கு இரண்டாம் பிணக்கு உறுதியாக வந்து சேரும். உதிரிபாகம் நல்லது, அளவும் பொருத்தம். ஆனால் அது வேறொரு வீட்டின் இரகசியத்தைச் சுமந்து வந்திருக்கிறது.

அடுத்து மின்னழுத்தம். மின்சாரம் தாழ்ந்த நிலையில் பெட்டிகள் தவறாகப் பேசும் என்பதால், முழுமையாக ஏற்றிய பேட்டரியின்றி எந்த முடிவுக்கும் வருதல் ஆகாது. அதன் பிறகு ஓட்டுநர் கதவு. அவசரக் குறியீட்டை எண்ணுவது கதவுப் பூட்டின் உள்ளே உள்ள நுண்சுவிட்சுகள். பல்லாயிரம் முறை திறந்து மூடிய கதவில் அவை தேய்ந்திருக்கும். உரிமையாளர் ஆறு முறை திருப்புவார். தேய்ந்த சுவிட்ச் ஐந்து என எண்ணும். குறியீடு சரி, கையும் சரி, எண்ணுபவருக்கு மட்டும் செவிப்புலன் மங்கிவிட்டது. குறியீடே தவறு என்று முடிவுசெய்து பெட்டியை மாற்றக் கிளம்பியவர்கள் பலருக்கு, இறுதியில் ஒரு சிறு சுவிட்சே காரணமாக இருந்திருக்கிறது. குறையை ஆவணத்தில் தேடுவதற்கு முன் சாட்சியைச் சோதிக்க வேண்டும் என்ற வரலாற்று ஆய்வின் பாலபாடம் இங்கும் செல்லும்.

இவை அனைத்தும் சரியென்றால் எஞ்சுவது இரு பெட்டிகளின் ஒத்திசைவு. எஞ்சின் கணினியைக் கற்கும் நிலையில் வைத்து, உடல்மின் பெட்டியின் குறியீட்டை அது மறுபடியும் ஏற்கச் செய்ய வேண்டும். அதற்கான கருவி தொடக்கத்தில் டெஸ்ட்புக் என்ற பெயரில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையகங்களில் மட்டுமே இருந்தது. அவசரக் குறியீட்டின் பட்டியலும் நிறுவனத்திடமே இருந்தது. உரிமைச் சான்றைக் காட்டி விற்பனையகம் வழியாகப் பெற வேண்டும்.

ஆக, ஒரு வண்டியின் உயிர் ஓர் ஆவணக் காப்பகத்தை நம்பியிருந்தது. அந்தக் காப்பகத்தின் சொந்தக்காரர்களோ நிலையாக இல்லை. பி38ஏ அறிமுகமான 1994ஆம் ஆண்டிலேயே ரோவர் குழுமம் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸிடமிருந்து பி.எம்.டபிள்யூவின் கைக்கு மாறியது. 2000இல் லேண்ட் ரோவர் ஃபோர்டுக்கு விற்கப்பட்டது. 2008 ஜூனில் ஜாகுவாரோடு சேர்த்து அதை டாடா மோட்டார்ஸ் வாங்கியது. சோலிஹலில் ஒரு வண்டிக்கு இடப்பட்ட நான்கு எண்கள் மியூனிக், டியர்போர்ன், மும்பை ஆகிய நகரங்களில் தலைமையகம் கொண்ட மூன்று முதலாளிகளைக் கடந்து வந்திருக்கின்றன. ஒரு நிலத்தின் பட்டா மூன்று அரசுகளைக் கடந்து வருவது போன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு: பட்டாவின் படி நிலத்துக்காரர் வீட்டிலும் இருக்கும். இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிய பழைய வண்டிகளில் குறியீடு எழுதிய அட்டை பெரும்பாலும் தொலைந்திருக்கும்.

இந்த இடைவெளியில் ஒரு புதிய கைத்தொழில் பிறந்தது. உடல்மின் பெட்டியின் நினைவகத்தை நேரடியாகப் படித்துக் குறியீட்டை வெளிக்கொணரும் கருவிகளையும், இரு பெட்டிகளை மீண்டும் இணைக்கும் கருவிகளையும் சிறு நிறுவனங்கள் உருவாக்கின. விற்பனையகம் கைவிட்ட வண்டிகளை இந்தக் கருவிகளும் தனிப்பட்ட மெக்கானிக்குகளும் உயிர்ப்பித்தனர். ஆனால் இதே கருவி தவறான கையில் திருட்டுக் கருவியும் ஆகும். பழுதுபார்ப்பவரையும் திருடரையும் இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது. இருவரும் செய்வது ஒரே செயல். வேறுபாடு கருவிக்கு வெளியே, சட்டத்திலும் சான்றிலும் இருக்கிறது.

முடக்கியை இதனால் வெறும் தொல்லை என ஒதுக்குவது பிழை. இங்கிலாந்து, வேல்ஸின் 6 இலட்சம் என்ற ஆண்டு எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. நெதர்லாந்தின் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் வான் ஊர்ஸும் வொலார்டும் செய்த ஆய்வு, திருடர்கள் பழைய வண்டிகளை நோக்கி நகர்ந்ததைக் கணக்கில் கொண்ட பின்பும், இந்த ஆணை திருட்டைக் கணிசமாகக் குறைத்தது என்று காட்டியது. எதிர்மறைச் சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கூட்டரசுச் சட்டம் முடக்கியைக் கட்டாயமாக்கவில்லை. 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் மற்றத் தயாரிப்பாளர்களின் வண்டி வகைகளில் 96 விழுக்காட்டில் முடக்கி இயல்பாகவே இருந்தபோது, ஹூண்டாய், கியா வகைகளில் அது 26 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. 2021க்குப் பின் அந்த வண்டிகளைக் குறிவைத்து நாடு முழுவதும் திருட்டு அலை எழுந்தது. 2007 முதல் முடக்கியைக் கட்டாயமாக்கியிருந்த கனடாவில் அதே நிறுவனங்களின் வண்டிகளுக்கு அந்தக் கதி நேரவில்லை.

எனவே வினா முடக்கி வேண்டுமா என்பதன்று. அதன் இரகசியத்தை யார் வைத்திருப்பது என்பதே. இந்த வினாவுக்குக் குறியீட்டியலில் ஒரு நெடிய மரபு உண்டு. ஒரு மறையீட்டு முறையின் அமைப்பு பகைவர் கையில் சிக்கினாலும் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும். இரகசியம் சாவியில் மட்டுமே தங்க வேண்டும் என்று ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883இலேயே வகுத்தார். வாகனத் தொழில் நெடுங்காலம் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. முறையையே மறைத்து வைத்தது. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ ஆய்வகமும் சேர்ந்து, பல இலட்சம் கார்ச் சாவிகளில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎஸ்டி40 சில்லின் மறையீட்டை உடைத்துக் காட்டின. அதன் சாவி நீளம் 40 பிட்டுகள் மட்டுமே. 2013இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் மெகமாஸ் என்ற முடக்கிச் சில்லின் பலவீனத்தை வெளியிட இருந்தபோது, ஃபோக்ஸ்வாகன் தொடுத்த வழக்கில் இலண்டன் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கட்டுரை 2015இல், ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு, வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் ஆய்வு உறையில் கிடந்தபோதும் சில்லின் பலவீனம் வண்டிகளில் அப்படியே இருந்தது. உரிமையாளருக்கு மட்டும் அது தெரியவில்லை.

இந்தியாவில் இதே வினா போட்டிச் சட்டத்தின் வழியாக எழுந்தது. உதிரிபாகங்களும் நோயறி கருவிகளும் தொழில்நுட்பக் கையேடுகளும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையகங்களுக்கு வெளியே கிடைப்பதில்லை என்று 2011இல் ஷம்ஷேர் கட்டாரியா இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். மூன்று நிறுவனங்களைக் குறித்துத் தொடங்கிய விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார்த் தயாரிப்பாளர்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. லேண்ட் ரோவரை வாங்கிய டாடா மோட்டார்ஸும் அந்தப் பதினான்கில் ஒன்று. ஒருவர் கார் வாங்கும் முன் சந்தையில் பல நிறுவனங்கள் போட்டியிடலாம்; வாங்கிய பின் அந்த வண்டியின் உதிரிபாகத்துக்கும் பழுதுக்கும் ஒரே நிறுவனத்தின் ஆட்சிதான் என்று ஆணையம் கண்டது. அறிவுசார் சொத்துரிமை என்ற வாதத்தையும், பயிற்சியில்லாத கைகளில் பாதுகாப்புக் கெடும் என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. அபராதத் தொகை குறித்த வழக்குகள் பின்னர் நீண்டன. எனினும், நோயறி கருவிக்கான அணுக்கம் ஓர் உரிமைப் பிரச்சினை என்பது அந்த ஆணையால் இந்தியச் சட்ட விவாதத்தில் இடம்பிடித்தது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைக்கான இணைய வாயில் மோட்டார் ஊர்திகளையும் தன் நான்கு துறைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் முடக்கியின் குறியீடு ஏனைய பழுது விவரங்களைப் போன்றதன்று. பிரேக்கின் அளவை ஊருக்கே சொல்லலாம். சாவியின் இரகசியத்தைச் சொல்ல இயலாது. இதற்கு வேறு நாடுகள் கண்ட விடை கவனத்துக்குரியது. அமெரிக்காவில், பின்னணி சோதிக்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்களையும் மெக்கானிக்குகளையும் ஒரு தேசியப் பதிவேட்டில் சேர்த்து, அவர்கள் மட்டும் தயாரிப்பாளரிடமிருந்து சாவிக் குறியீட்டைப் பெறும் ஏற்பாடு நாஸ்டஃப் என்ற அமைப்பின் வழியே உருவானது. ஒவ்வொரு கோரிக்கையும், வண்டியின் எண்ணோடும் உரிமையாளரின் ஒப்புதலோடும், பதிவாகும். ஐரோப்பிய ஒன்றியமும் சுதந்திரப் பட்டறைகளுக்குச் சான்றளித்துப் பாதுகாப்பு சார்ந்த விவரங்களைத் தரும் செர்மி என்ற முறையை வகுத்துள்ளது. இரகசியத்தை நிறுவனத்திடம் அடைத்துவைப்பதற்கும் தெருவில் வீசுவதற்கும் இடையே, பொறுப்பேற்கும் மனிதர்களின் பதிவேடு என்ற மூன்றாம் வழி உண்டு என்பதை இவை காட்டுகின்றன. இந்தியாவின் நகரங்களில் சாவி செய்து தரும் தொழிலாளர்களும் பழைய வண்டிகளின் மின்னணுப் பெட்டிகளைத் திறந்து பழுதுபார்ப்பவர்களும் ஏராளம். அவர்களின் திறமைக்குச் சந்தை இருக்கிறது, சான்று இல்லை. சான்றில்லாத திறமையைச் சட்டம் எப்போதும் ஐயத்தோடுதான் பார்க்கும்.

பூட்டுக்கும் திருடருக்கும் இடையிலான போட்டி முடியவில்லை. சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே வண்டியை இயக்கும் வசதி வந்தபின், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை நீட்டித்து வண்டியை ஏமாற்றும் திருட்டு முறை வந்தது. இலண்டனில் ரேஞ்ச் ரோவர்களைக் காப்பீடு செய்யவே நிறுவனங்கள் தயங்கின. 2023இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் பழைய மாதிரிகளின் பாதுகாப்பை மேம்படுத்த 1 கோடி பவுண்டு ஒதுக்கியது. பதினைந்து மின்தடைகளிலிருந்து தொடங்கிய ஆட்டம் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உரிமையாளரைச் சோதிக்கும் கேள்விகள் பெருகிக்கொண்டே போகின்றன.

பி38ஏ வண்டிகளின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எஞ்சியவற்றில் ஒவ்வொன்றும், ஓர் இரகசியம் இழக்கப்படாமல் காக்கப்பட்டதால் அல்லது எவரேனும் அதை மீட்டெடுத்ததால் மட்டுமே ஓடுகிறது. இரும்பு நிலைத்திருக்கும், எஞ்சினைப் புதுப்பிக்கலாம், தோல் இருக்கையைத் தைக்கலாம். நான்கு எண்கள் தொலைந்தால் இரண்டு டன் எடையுள்ள வண்டி நின்ற இடத்தில் நின்றுவிடும். இந்த நிலை இன்று ஊர்திகளோடு முடிவதில்லை. டிராக்டர், மருத்துவக் கருவி, கைப்பேசி என ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை நம்பினால் மட்டும் இயங்கும் பொருள்கள் வாழ்வின் எல்லா மூலைகளிலும் நிறைந்துவிட்டன. அவற்றை வாங்கும்போது விலைச் சீட்டு கையில் தரப்படுகிறது. அவற்றின் நினைவு எங்கே, யாரிடம், எத்தனை காலத்துக்குப் பாதுகாக்கப்படும் என்ற உறுதிமொழி எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. சொத்துரிமையின் வரலாற்றை எழுதுவோர் இனி பட்டாவையும் பத்திரத்தையும் படிப்பதோடு, இருக்கையின் கீழே உறங்கும் அந்தப் பெட்டிகளையும் படிக்க வேண்டியிருக்கும்.